மாட்டுக் கொட்டாய்க்கு லேன் கேபிளில் லைட்டு

குடியாத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பெரியப்பா வீடு. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவே அறுபது மீட்டர் தூரம், ஒரு புளியமரம், ஒரு வைக்கோல் போர். மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரே கேமரா மாட்டிய வருஷத்தில் அவரும் கொட்டாயில் ஒன்று மாட்டினார். கேமராவுக்குப் போகிற லேன் கேபிளிலேயே ஒரு லைட்டையும் எரிய வைத்துத் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். சிசிடிவி கடையில் வாலும் பிளக்குமாக ஜோடி ஜோடியாக விற்பார்களே, அந்த வயர் ஒரு செட். 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. வீட்டுப் பக்கம் கரண்டை உள்ளே விட வேண்டியது, கொட்டாய்ப் பக்கம் வெளியே எடுக்க வேண்டியது. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் கொட்டாயிலிருந்து சத்தம் வந்தது.

"டேய், இன்னாடா இது, லைட்டா மின்மினிப் பூச்சியா? மாடு எது, கன்னு எதுன்னே தெரியல!"

அந்த மின்மினிப் பூச்சியை ஒழுங்கான லைட்டாக்குவதற்குள் நான் கற்றுக்கொண்டதை, இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைக் கையில் பிடித்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

லைட் ஏன் மங்கியது

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. ஒவ்வொரு கம்பியும் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். நல்ல செம்பாக இருந்தால் 100 மீட்டர் கம்பிக்கு சுமார் 8.4 ஓம் தடை. ஒரு ஜோடி பிளஸ், ஒரு ஜோடி மைனஸ் என்று வைத்துக்கொண்டால், 60 மீட்டர் போய்த் திரும்ப சுமார் 5 ஓம். அதில் 1 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் வழியிலேயே செத்துப்போகும். பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட்டில் மூன்று மூன்று எல்இடியாக வரிசையில் கோத்திருப்பார்கள். அந்த மூன்றும் கண் திறக்கவே ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். அதனால் கரண்ட் தானாகவே இறங்கி, ஏதோ ஒரு மங்கல் வெளிச்சத்தில் வந்து நிற்கும். நான் பார்த்தது அதைத்தான்.

இதையே 48 வோல்ட்டில் அனுப்பிப் பாருங்கள். அதே 12 வாட்டுக்கு கால் ஆம்பியர் போதும். வழியில் போவது 1.25 வோல்ட், வீணாவது வாட் கணக்கில் 0.3 சொச்சம். கேபிள் அதேதான், தூரமும் அதேதான்.

பெரியப்பாவுக்கு நான் சொன்ன விளக்கம் வேறு. "மண் வாய்க்கால்ல தண்ணி விட்டா பாதி வழியிலயே குடிச்சிடும் இல்ல? அதான் இது. பைப்ல பிரஷரா விட்டா கடைமடை வரைக்கும் போகும்." அவர் தலையாட்டினார். "அத மொதல்லயே பண்றதுக்கு இன்னா?" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிஓஇ என்றால் என்ன

லேன் கேபிளுக்கே இன்னொரு பெயர் ஈதர்நெட் கேபிள். அதிலேயே கரண்டையும் சேர்த்து அனுப்பும் முறைக்கு பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பிஓஇ என்று பெயர். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு இதற்கு விதி வகுத்திருக்கிறது. 2003-இல் வந்தது 802.3ஏஎஃப், ஸ்விட்ச் (சுவரில் இருப்பது அல்ல, பல லேன் கேபிள்களைச் செருகும் டப்பா) ஒரு போர்ட்டில், அதாவது ஒரு கேபிள் செருகும் துளையில், 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் போவது போக மறுமுனைக்கு 12.95 வாட் உறுதி. 2009-இல் வந்த 802.3ஏடி-யில் 30 வாட் கொடுத்தால் 25.5 வாட் போய்ச் சேரும். 2018-இல் வந்த 802.3பிடி நாலு ஜோடியையும் பயன்படுத்தி ஒரு போர்ட்டில் 60, 90 வாட் வரை போகும். ஆம்ஸ்டர்டாமில் 2015-இல் திறந்த 'தி எட்ஜ்' என்ற அலுவலகக் கட்டடத்தில் பிலிப்ஸின் விளக்குகள் ஆயிரக்கணக்கில் இப்படி ஈதர்நெட் கேபிளில்தான் எரிகின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். கொட்டாய்க்கும் மாடிப்படிக்கும் ஏஎஃப், ஏடி இரண்டே தாராளம்.

இந்த விதிப்படி செய்த ஸ்விட்ச் எடுத்தவுடனே 48 வோல்ட்டைத் தள்ளாது. முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாக ஒரு சின்ன அழுத்தம் விட்டு, மறுமுனையில் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று இன்னொரு தடவை கேட்கும். அதற்குப் பிறகுதான் முழு வோல்ட். வாசலில் நிற்பவரை யார், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு உள்ளே கூப்பிடுகிற மாதிரி. அதனால் தெரியாமல் லேப்டாப்பைச் செருகிவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

கடையில் 'பாசிவ் பிஓஇ' என்று ஒன்று தருவார்கள். அது யாரையும் விசாரிக்காது. 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ, எப்போதும் கம்பியில் நிற்கும். தவறான பொருளைச் செருகினால் புகைதான். நான் முதலில் வாங்கிய வால் வயர் ஜோடியும் இந்த ஜாதிதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாசிவ் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியில் 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். 'பிஓஇ' என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இது யாருக்கு வேண்டாம்

கரண்ட் பில் குறையும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். குறையாது. ஸ்விட்ச்சின் பவர் சப்ளையில் கொஞ்சம், கேபிளில் கொஞ்சம், மறுமுனையில் 48-ஐ 12 ஆக்கும் ஸ்பிளிட்டரில் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் கழிவு உண்டு. ஹாலில் மாட்டும் 9 வாட் பல்பு நேராக 230 வோல்ட்டில் எரிவதே சிக்கனம், மலிவும்கூட. வீடு முழுக்க இன்வர்ட்டர் லைன் இழுத்திருந்தால் வீட்டுக்குள் இதற்கு வேலையே இல்லை.

இன்வர்ட்டர் லைன் போகாத இடங்களுக்குத்தான் இது: கேட், மொட்டை மாடி, கொட்டாய், மோட்டார் ரூம், கார் ஷெட். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் காற்றோடு இடி மழை வரும்; காற்று கிளம்பும்போதே கரண்டும் கிளம்பிவிடும். அந்த நேரத்தில்தான் கன்றைப் பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும். கேமராவுக்கு என்று ஏற்கெனவே ஒரு கேபிள் அங்கே போயிருந்தால், அதன் ஸ்விட்ச் ஒரு யுபிஎஸ்ஸில் இருந்தால், கூடவே ஒரு லைட்டும் அணையாமல் இருக்கும். ஈரமான இடத்தில் 230 வோல்ட் கொண்டுபோகாமல் 57 வோல்ட்டுக்கு மேல் போகாத ஒன்றைக் கொண்டுபோவதில் நிம்மதியும் உண்டு. மாட்டுக்கு ஷாக் என்பது மனிதனைவிட மோசம். நாலு காலும் ஈர மண்ணில் இருக்கும்.

முதல் வேலை: காகிதமும் டேப்பும்

எங்கெங்கே லைட், ஒவ்வொன்றும் எத்தனை வாட், கேபிள் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். தூரத்தை கண்ணால் மதிக்காதீர்கள். சுவரில் ஏறி இறங்குவது, புளியமரத்தைச் சுற்றுவது எல்லாம் சேர்ந்து என் அறுபது மீட்டர் எழுபத்தி நாலானது. விதிப்படி 100 மீட்டர்தான் எல்லை. சில சிசிடிவி ஸ்விட்ச்சுகளில் 250 மீட்டர் வரை இழுக்க ஒரு பொத்தான் இருக்கும். வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்து டேட்டாவைத்தான் அது தூரம் அனுப்புகிறது. கம்பியின் தடை அந்தப் பொத்தானுக்குக் கட்டுப்படாது.

வாட் கணக்கில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். ஏஎஃப் என்றால் 12.95 வாட் வருமே, 12 வாட் ஸ்ட்ரிப் போடலாமே என்று தோன்றும். ஸ்பிளிட்டரின் திறன் 85 சதவீதம் என்று வையுங்கள். 12 வாட் வெளியே கொடுக்க அது 14 வாட் உள்ளே இழுக்க வேண்டும். எல்லை தாண்டியதும் ஸ்விட்ச் அந்த போர்ட்டை அணைத்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கொடுத்துப் பார்க்கும், மறுபடி அணைக்கும். ஆகவே ஏஎஃப்பில் கைக்கு வருவது 11 வாட், ஏடி-யில் 21 வாட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ராத்திரி இன்ஃப்ராரெட் எரியும்போது 5 வாட் போகும் என்றால், ஏஎஃப்பில் லைட்டுக்கு மிஞ்சுவது 5 அல்லது 6 வாட். அது போதாதா என்றால், போதும். வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள்; நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் கொடுக்கும். 5 வாட்டில் 500 லூமன்; பால் கறக்க அது வேண்டிய மட்டும்.

பிறகு ஸ்விட்ச்சின் மொத்தக் கணக்கு. எட்டு போர்ட் இருக்கிறது என்பதற்காக எட்டிலும் 15 வாட் வராது. பெட்டியில் 65 வாட், 120 வாட் என்று மொத்த பட்ஜெட் எழுதியிருக்கும். சில ஸ்விட்ச்சுகள் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்காமல், கேட்ட அளவை அப்படியே ஒதுக்கிவிடும். 65 வாட் ஸ்விட்ச்சில் 15.4 வாட் கேட்கும் ஸ்பிளிட்டர் நாலுதான் ஏறும். அவை ஒவ்வொன்றும் 4 வாட் பல்பு எரித்தாலும் சரி, ஐந்தாவதுக்கு இடமில்லை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது: கேபிளை வாங்கும்போது கத்தி எடுத்துப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேபிள்கள் பெரும்பாலும் சிசிஏ. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கேமராவுக்கு டேட்டா போகிறது, படம் வருகிறது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அதன் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வளைத்தால் உடையும், கிரிம்ப் செய்த இடத்தில் நாளாக நாளாகத் தளரும், அந்த இடம் சூடாகும். கரண்ட் அனுப்பும் வேலைக்கு அது ஆகவே ஆகாது. எனக்கும் ஒரு கடையில் 'ப்யூர் காப்பர்' என்று சொல்லி இதைத்தான் கட்டிக் கொடுத்தார்கள். நானும் பில்லில் எழுதி வாங்காமல் வந்துவிட்டேன். எந்தக் கடை என்பது இப்போது முக்கியமில்லை.

மூன்று சோதனை. கம்பியின் நுனியைப் பிளேடால் சீவுங்கள். உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்தால் சிசிஏ, உள்ளேயும் செம்பு நிறமென்றால் செம்பு. அடுத்தது, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளையுங்கள். ஐந்தாறு வளைவிலேயே முறிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவதுதான் பொய் சொல்லாத சோதனை. மல்டிமீட்டர் வேண்டும். வாங்கிய துண்டு 30 மீட்டர் என்று வையுங்கள். ஒரு முனையில் நீலத்தையும் நீல-வெள்ளையையும் முறுக்கி இணையுங்கள். மறுமுனையில் அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளவு எடுங்கள். 60 மீட்டர் கம்பி, செம்பென்றால் 5 ஓம் பக்கம் காட்டும். சிசிஏ என்றால் 8 ஓம். மீட்டரின் சொந்த வயரிலேயே 0.3 ஓம் வரை இருக்கும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

லேன் கேபிளில் கேட் 5இ, கேட் 6 என்று ரகம் உண்டு. கேட் 5இ போதும். கேட் 6-இல் கம்பி கொஞ்சம் தடிமனாக இருப்பதால் தடை குறையும், விலை ஏறும். 50 மீட்டருக்கு மேல் போகிறதென்றால் நான் கேட் 6 வாங்குவேன்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். 20 டிகிரியில் 8.4 ஓமாக இருந்தது, மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் 50 டிகிரியில் 9.4 ஆகிவிடும். பத்துப் பதினைந்து கேபிளை ஒரே கட்டாகக் கட்டி வைத்தால் நடுவில் இருப்பது இன்னும் வேகும். அதனால் சரியாக 100 மீட்டரில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வெயிலில் போகும் கேபிளை எண்பதோடு முடித்துக்கொள்வது என் பழக்கம்.

மற்ற சாமான்கள்: ஏஎஃப் அல்லது ஏடி ஸ்விட்ச், 12 வோல்ட் ஸ்பிளிட்டர், லேன் கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 பிளக் பத்து (இரண்டு வீணாகும்), கிரிம்பிங் டூல், லேன் டெஸ்டர், 12 வோல்ட் டிசி பல்பு அல்லது ஸ்ட்ரிப், தண்ணீர் புகாத டப்பா ஒன்று. சோலார் லைட் விற்கிற கடைகளில் 12 வோல்ட் டிசி பல்பு சாதாரண ஹோல்டரில் மாட்டுகிற மாதிரியே கிடைக்கும். ஸ்ட்ரிப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். போனால் பெரியப்பாவே கழற்றி மாட்டிக்கொள்வார். ஒன்று கவனம்: அந்த பல்பைத் தப்பித் தவறி 230 வோல்ட் ஹோல்டரில் மாட்டினால் வெடிக்கும். ஹோல்டர் பக்கத்தில் பெயின்ட்டில் '12' என்று பெரிதாக எழுதி வையுங்கள். ஸ்பிளிட்டர் மட்டும் வேலூரில் கேட்ட ரகம் கிடைக்காமல், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. நீங்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

வாங்கும்போது சொற்குழப்பம் ஒன்று வரும். 'ஸ்விட்ச்' என்றால் எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்ப்பார், கேமராக்காரர் டப்பாவைப் பார்ப்பார். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்தால் 'பிஓஇ டப்பா' என்றே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது: கேபிள் இழுப்பது

230 வோல்ட் வயர் போகிற பைப்பில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. மோட்டாருக்குப் போகும் த்ரீ பேஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. என்றாவது இன்சுலேஷன் உரிந்து ஒன்றோடொன்று தொட்டால் 57 வோல்ட் என்ற நிம்மதியெல்லாம் காற்றில் போகும். இணையாகப் போக வேண்டியிருந்தால் ஒரு முழமாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும். ஸ்விட்ச்சுக்கு 230 வோல்ட் பிளக் பாயின்ட் புதிதாக வைப்பதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

வெளியே போகும் கேபிளை வெறுமனே வெயிலில் விட்டால் இரண்டு மூன்று கோடையில் மேலுறை மொறுமொறுவென்று ஆகிவிடும். பிவிசி பைப்புக்குள் விடுங்கள். நிலத்தடியில் என்றால் டிராக்டர் கலப்பை தொடாத ஆழம், இரண்டு அடியாவது. அந்தரத்தில் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே ஜிஐ கம்பி இழுத்து அதில் கட்டுங்கள். கேபிள் தன் பாரத்தைத் தானே தாங்கக் கூடாது. பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள். மழைத்தண்ணீர் கேபிள் வழியே ஓடிவந்து அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அந்தரத்தில் போகும் கேபிளுக்கு, வீட்டுப் பக்கம் எர்த் கொடுத்த ஒரு சர்ஜ் புரொடக்டர் (திடீரென்று எகிறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் பொருள்) போடுவது நல்லது. இடி நேராக விழுந்தால் எதுவும் காப்பாற்றாது; பக்கத்தில் விழுந்தால் ஸ்விட்ச் பிழைக்கும்.

நான்காவது: கிரிம்ப்

பிளக்கின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டு நுனியும் பிளக்கின் கண்ணாடி முனையைத் தொடுகிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். கேபிளின் மேலுறையும் பிளக்குக்குள் போய்ப் பிடிபட வேண்டும்; இல்லாவிட்டால் இழுத்தால் கையோடு வரும். டேட்டா போனால் போதும் என்று ஆறு கம்பி சரியாக இருந்தால் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கரண்ட் சில ஸ்விட்ச்சுகளில் ஆரஞ்சு-பச்சை ஜோடிகளில் வரும், சிலவற்றில் நீலம்-பழுப்பில் வரும். எட்டும் டெஸ்டரில் வரிசையாக எரிந்தால்தான் அடுத்த வேலை.

நடுவில் கேபிள் போதவில்லை என்றால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். இது நம் கையோடு பிறந்த பழக்கம், எனக்கும் கை துறுதுறுக்கும். ஆர்ஜே45 இணைப்பி போட்டு டப்பாவுக்குள் வையுங்கள், அல்லது முழுக் கேபிளையும் மாற்றுங்கள்.

ஐந்தாவது: லைட் இல்லாமல் முதல் சோதனை

ஸ்விட்ச்சில் செருகி, மறுமுனையில் ஸ்பிளிட்டரை மட்டும் மாட்டுங்கள். அதன் டிசி பின்னில் மீட்டரை வையுங்கள். உள்ளே பிளஸ், வெளியே மைனஸ், 12 வோல்ட். சரியாக வந்தால் லைட்டை இணைத்து மறுபடி பாருங்கள். லைட் எரியும்போதும் 12-க்குப் பக்கத்திலேயே நின்றால் கேபிள் நல்ல கேபிள், கிரிம்ப் நல்ல கிரிம்ப். அரைமணி நேரம் எரியவிட்டு ஸ்பிளிட்டரையும் இரண்டு பிளக்குகளையும் தொட்டுப் பாருங்கள். ஸ்பிளிட்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். பிளக் சூடாக இருக்கவே கூடாது.

லைட் எரியும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிரியும் நொடியில் ஒரு சின்னப் பொறி உண்டு. திரும்பத் திரும்பச் செய்தால் பின்னின் தங்க முலாம் போய்விடும். முதலில் ஸ்விட்ச்சை அணையுங்கள், அப்புறம் பிடுங்குங்கள்.

அணைப்பது எப்படி என்று கேட்பீர்கள். எளிய வழி, ஸ்பிளிட்டருக்கும் பல்புக்கும் நடுவே 12 வோல்ட் பக்கத்தில் ஒரு சாதாரண சுவிட்ச். கம்ப்யூட்டரிலிருந்து செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால் போர்ட்டுக்கு நேர அட்டவணை போடும் வசதி சிலவற்றில் உண்டு. சாயங்காலம் 6 மணிக்கு எரிந்து காலை 6-க்கு அணையும். அப்போது அந்தக் கேபிளில் கேமராவும் இருந்தால் அதுவும் பகலில் அணைந்துவிடும் என்பதை மறந்து ஒரு நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கண்ணடித்த லைட்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் லாட்ஜாக இருக்கும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போன நேரத்தில் கையில் ஃபிளாஸ்க்கோடு மாடிப்படியில் தடவித் தடவி இறங்குவார்கள், வெந்நீருக்கு. அப்படி ஒரு மூன்று மாடி லாட்ஜில் கேமராவுக்கு யுபிஎஸ்ஸோடு பிஓஇ டப்பா ஏற்கெனவே இருந்தது. நாலு போர்ட் காலி. படிக்கு ஒன்றாக அரை வாட்டுக்கும் குறைவான சின்ன நைட் லேம்ப் வைத்தேன். மறுநாள் உரிமையாளர் போன் பண்ணினார்.

"தம்பி, உங்க லைட்டு ராத்திரி பூரா கண்ணடிக்குது. லேடீஸ் எல்லாம் தங்குற எடம்பா!"

"லோடு பத்தல பாய். சாயங்காலம் வந்து பாக்கறேன்."

காரணம் இதுதான். மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று ஸ்விட்ச் கேட்டுக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியராவது இழுத்தால்தான் இருக்கிறார்கள் என்று நம்பும். 50 வோல்ட்டில் அது அரை வாட். அதற்குக் கீழே போனால் அரை நொடிக்குள் போர்ட்டை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து விசாரிக்கும். எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கண்ணடிக்கும். 2 வாட் பல்பாக மாற்றியதும் நின்றது.

அங்கே யுபிஎஸ் கணக்கும் பார்த்தோம். 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி உள்ள சின்ன யுபிஎஸ்ஸில் காகிதத்தில் 84 வாட்-மணி. கழிவெல்லாம் போக 50 கைக்கு வந்தால் அதிர்ஷ்டம். கேமராக்களும் லைட்டுகளும் சேர்த்து 30 வாட் என்றால் ஒரு மணி நேரம் தாண்டும், இரண்டு மணியை எட்டாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று இபி காலையில் நிறுத்தினால் மதியம் வரை தாங்காது. பகலில் லைட் தேவையில்லை, கேமராதான் போகும். வீட்டில் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோடு இன்வர்ட்டர் இருந்தால், பிஓஇ டப்பாவை அதிலேயே செருகிவிடுங்கள். 30 வாட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ராத்திரி முழுக்க ஓடும்.

கொட்டாயில் மட்டும் வரும் தொல்லைகள்

மாட்டு மூத்திரத்தில் எழும் அம்மோனியா செம்பைத் தின்னும். முதல் தடவை நான் ஸ்பிளிட்டரையும் பிளக்கையும் கொட்டாய்க்கு உள்ளேயே விட்டத்தில் கட்டிவிட்டு வந்தேன். ஆறே மாதத்தில் பிளக்கைக் கழற்றினால், எட்டு பின்னில் நான்கு பழைய வெண்கலப் பாத்திரம் மாதிரி பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. டிசி கரண்ட்டும் ஈரமும் சேர்ந்தால் பிளஸ் பக்கத்துப் பின் சீக்கிரம் அரிக்கும். இப்போது டப்பா கொட்டாய்க்கு வெளியே, காற்றோட்டமான தூணில் இருக்கிறது. உள்ளே போவது 12 வோல்ட் வயரும் பல்பும் மட்டும். பிளக்குக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவியிருக்கிறேன்.

பல்பு வெள்ளை வெளிச்சம் வேண்டாம், மஞ்சள் வார்ம் ஒயிட் வாங்குங்கள். பூச்சி குறைவாக வரும். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் நாளில் எந்த பல்பானாலும் மொய்க்கத்தான் செய்யும். அன்றைக்கு மட்டும் பால் வாளியை மூடி வையுங்கள்.

டப்பாவுக்குக் கேபிள் நுழையும் துளையை கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுகப் பிடிக்கும் திருகு மூடி) போட்டு இறுக்குங்கள். நான் துளையைப் பஞ்சால் அடைத்திருந்தேன். போன மாதம் திறந்தபோது ஸ்பிளிட்டரின் மேலே, அந்த வெதுவெதுப்பில், வரிசையாக மூன்று பல்லி முட்டைகள். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பொரிஞ்சு போற வரைக்கும் வுட்டுடுடா" என்றார். கிளாண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.